மிதவாதமும் முற்போக்கும்: காங்கிரஸ் மகாசபையின் உட்பிணக்கும் கம்பம் பள்ளத்தாக்கும்

பலர் கூடி ஒரு காரியத்தை மேற்கொள்ளுமிடத்துக் கருத்து வேற்றுமை தோன்றுதல் இயல்பேயாம். குறிக்கோள் ஒன்றாயிருப்பினும் அதனை எய்துங் காலத்தைக் குறித்து இருவேறு மனப்பான்மைகள் உளவாகும். இன்றே வேண்டும் என்பார் ஒருசாரார். நாளடைவில் ஆகுக என்பார் மற்றொருசாரார். முன்னவரை முற்போக்கர் என்றும் இடதுசாரியர் என்றும், பின்னவரை மிதவாதியர் என்றும் நடுவழியர் என்றும் அரசியலார் வழங்குவர். ஏழை மக்கள் பக்கம் சார்ந்து நின்ற கட்சிகள் பலவற்றினும் இப்பிணக்கு நிகழ்ந்துளது. ருஷ்ய நாட்டுச் சமதர்மக் கட்சி 1903-ஆம் ஆண்டில் போல்ஷெவிக்கர் என்றும் மென்ஷெவிக்கர் என்றும் பிரிந்ததும், ஜெர்மனி நாட்டுச் சமூக ஜனநாயகக் கட்சி 1917-ஆம் ஆண்டில் பிளவுபட்டதும் சரித்திரம் அறிந்த செய்திகள். ஆயினும், நம் பாரத நாட்டுக் காங்கிரஸ் மகாசபையினுள் நிகழ்ந்த பிணக்கொன்று நம் வீட்டுத் திண்ணை வரை வந்து நின்றது. அதனையே ஈண்டு யாம் நம் சங்கத்தார்க்கும் அவர்தம் மக்கட்கும் எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

இதனை உரைக்குமுன், அந்நாளில் தேனியினும் கம்பம் பள்ளத்தாக்கினும் வாழ்ந்த நம்மவர் நிலையினைச் சிறிது கூறுதல் வேண்டும். 1895-ஆம் ஆண்டிற் பெரியாற்று அணை திறக்கப்பட்டு, மேற்கே சென்று கடலிற் கலந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்டது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என நிரல்பட அமைந்த ஊர்களின் வயல்கள் அந்நீரால் வளம் பெற்றன. நிலம் செழித்தது, ஆனால் உழுதவருட் பலர் நிம்மதியுற்றிலர். 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்திற்கு வந்து, சில ஆண்டுகளிற் பிரமலைக் கள்ளர் சமூகத்தின்மேற் சுமத்தப்பட்டது. நம்மவர் அதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். ஒருவன் யாதொரு குற்றமும் செய்யாதிருப்பினும், இன்ன குலத்திற் பிறந்தான் என்னும் ஒன்றே காரணமாக அவன் பத்துவிரற் பதிவும் சர்க்கார் புத்தகத்தில் ஏறும். பதிவு பெற்றவருள் இன்னார் இன்னார் இரவிற் காவல் நிலையத்திற்கு வந்து தம்மைக் காட்டுதல் வேண்டும் என்று ஆணை பிறக்கும். வெளியூரில் இராத் தங்குதற்கு இராத்திரிச் சீட்டுப் பெறுதல் வேண்டும். மணமகன் முதலிரவிற் காவல் நிலையத்திற் படுத்த கொடுமையை நம் முதியோர் சொல்லக் கேட்டவர் இன்றும் உளர். இச்சட்டத்தை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்தது. மாயக்காள் என்னும் வீரமகள் உட்படப் பதினாறுக்குக் குறையாதோர் உயிர் நீத்தனர்.

இவ்வாறிருக்க, காங்கிரஸ் மகாசபை அந்நியர் ஆட்சியை எதிர்த்து எழுந்து, ஏழை மக்கள் பெயரால் வாக்குக் கேட்டது. அச்சபையினுள் 1934-ஆம் ஆண்டு மே மாதம் பாட்னா நகரில் ஆசாரிய நரேந்திர தேவர் தலைமையிற் சோஷலிஸ்டுகள் கூடினர். அவ்வாண்டிலேயே காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி உருப்பெற்றது. ஜெயப்பிரகாச நாராயணர் அதன் காரியதரிசி. மகாசபையினின்று நீங்காமல் உள்ளிருந்தே அதனை உழவர், தொழிலாளர் பக்கமாக ஈர்த்தல் அவர்தம் நோக்கம். தமிழ்நாட்டில் ப. ஜீவானந்தம், பி. இராமமூர்த்தி முதலியோர் அக்கட்சியில் உழைத்தனர். 1937-ஆம் ஆண்டில் ஜனசக்தி என்னும் பத்திரிகை தோன்றி இவர்தம் கொள்கைகளைப் பரப்பிற்று.

1937-ஆம் ஆண்டுத் தேர்தலிற் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களுள் 159 இடங்களைக் காங்கிரஸ் கைப்பற்றிற்று. இராமநாதபுரத்தில் பசும்பொன் உ. முத்துராமலிங்கத் தேவர் சேதுபதி மன்னரையே எதிர்த்து வென்றார். ஜூலை மாதத்தில் ஸ்ரீ சி. இராஜகோபாலாச்சாரியார் பிரதம மந்திரியானார். நம்மவர் உள்ளத்தில், ரேகைச் சட்டம் இனித் தொலைந்தது என்னும் நம்பிக்கை முளைத்தது. நம்முடைய அரசு வந்த பின்னும் நம்மை ஏன் காவல் நிலையத்திற்கு அழைப்பார் என்று அவர் எண்ணியதிற் குற்றமில்லை.

ஆயின் நிகழ்ந்தது யாது? மந்திரிசபை இரண்டாண்டுக்கு மேல் நடந்து, 1939-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் விலகிற்று. சட்டமோ அப்படியே நின்றது. இதற்கு இருசாராரும் கூறிய நியாயங்களை நடுவுநிலையோடு நோக்குதல் வரலாறு கற்பார் கடனாம்.

மிதவாதியர் தரப்பு முற்றும் வெறுமையன்று. மேலே அந்நியக் கவர்னர் இருந்தார். போலீசும் உத்தியோகஸ்தரும் பழைய இராஜாங்கத்தின் பழக்கத்தில் ஊறியவர். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றப் புகின் மந்திரிசபையே கவிழும் என அவர் அஞ்சினர். கிடைத்த அதிகாரத்தைக் கொண்டு 1937-இற் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கும், 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமும் கொணர்ந்தனர். 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்தினுள் ஸ்ரீ அ. வைத்தியநாதையர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் சென்றபோது, இவ்வரசு அதற்குச் சட்டத்தின் காவல் தந்தது. இடதுசாரியராகிய தேவரும் அவ்வாலயப் பிரவேசத்தை ஆதரித்து நின்றார். நல்ல காரியத்தில் இருசாராரும் ஒன்றுபடுதல் கூடும் என்பதற்கு இது சான்று.

முற்போக்கர் தரப்போ வேறு. அந்நியன் இயற்றிய அடக்குமுறைச் சட்டங்களை நம்மவரே கையாளுதல் எவ்வாறு தகும் என்று அவர் வினவினர். அவ்வினாவிற்குக் காரணமும் இருந்தது. 1937-ஆம் ஆண்டிலேயே பாட்லிவாலா என்னும் சோஷலிஸ்ட் தலைவர் இராஜத் துரோகப் பேச்சுக் குற்றத்திற்காகச் சென்னை மாகாணத்திற் கைது செய்யப்பட்டார். காங்கிரஸ்காரர் பலர் இதனைக் கண்டு வருந்தினர். நிலவுரிமை பற்றி ஆராய்ந்த ஸ்ரீ த. பிரகாசம் கமிட்டி, ஜமீன் நிலங்களில் உழவர்க்கே உரிமையுண்டு என 1938-ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. மந்திரிசபை விலகும் வரை அது சட்டமாகவில்லை. போடிநாயக்கனூர் முதலிய ஜமீன்களின் கீழ் உழுதோர்க்கு இத்தாமதத்தின் பொருள் நன்கு விளங்கும். மதுரையில் 1938-இல் மகாலட்சுமி மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தகாலைத் தேவரும் ஜீவானந்தமும் அவர்பக்கம் நின்றனர்.

இலக்கணம் பயிற்றும் எமக்கு இவ்வேற்றுமை கால வேற்றுமையாகத் தோன்றுகின்றது. மிதவாதியர் வாய்மொழியில் வினையெல்லாம் எதிர்காலத்தன: செய்வோம், நீக்குவோம், ஆராய்வோம். ரேகை வைத்தவன் துன்பமோ நிகழ்காலத்தது. பொறுமின் என்று கூறியவர் எவரும் இரவிற் காவல் நிலையத்திற் படுத்தாரல்லர். பொறுத்தற்குரிய விலையைப் பிறர் கொடுக்குங்கால், பொறுமையை உபதேசித்தல் எளிது.

இவ்வுட்பிணக்கு வடநாட்டிற் பெரும் புயலாயிற்று. 1938-இல் ஹரிபுரா காங்கிரசின் அக்கிராசனராக விளங்கிய சுபாஷ் சந்திர போஸ் அடுத்த ஆண்டும் அப்பதவிக்கு நின்றார். மூத்த தலைவர்கள் ஸ்ரீ பட்டாபி சீதாராமையரை நிறுத்தினர். 1939-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் நடந்த தேர்தலில் இருநூறு வாக்குகட்கு மேற்பட்ட வித்தியாசத்தில் போஸ் வென்றார். பட்டாபியின் தோல்வி தம் தோல்வியே எனக் காந்தியடிகள் அறிவித்தார். காரியக் கமிட்டியாருட் பெரும்பாலோர் விலகினர். மார்ச்சு மாதம் நருமதைக் கரையிலுள்ள திரிபுரியிற் காங்கிரஸ் கூடிற்று. போஸ் காய்ச்சலால் நலிந்து படுக்கையிலேயே கொணரப்பட்டார். காந்தியடிகளின் விருப்பப்படியே காரியக் கமிட்டியை அமைத்தல் வேண்டும் என்று ஸ்ரீ கோவிந்த வல்லப பந்த் தீர்மானம் கொணர்ந்தார். ஸ்ரீ இராஜகோபாலாச்சாரியார் அதனை ஆதரித்து, காந்தியடிகளின் பழைய பெரிய ஓடத்தை விடுத்து ஓட்டைப் படகில் ஏறுதல் ஆபத்து என்னும் கருத்துப்பட உவமை கூறினார்.

இவ்விடத்து யாம் ஒன்றைக் குறித்தல் வேண்டும். போஸைத் தோற்கடித்தவர் வலதுசாரியர் மட்டுமல்லர். அவருக்கு வாக்களித்து வெற்றி தந்த காங்கிரஸ் சோஷலிஸ்டுகள், பந்த் தீர்மானத்தின்மேல் நடுநிலை வகித்து வாளாவிருந்தனர். மகாசபையின் ஒற்றுமை குலைதல் கூடாது என்பது அவர் கூறிய காரணம். இடதுசாரியருள்ளும் ஒரு நடுவழி தோன்றி, முடிவு செய்யும் நாழிகையிற் கைகட்டி நின்றது. ஏப்ரல் 29-ஆம் நாள் போஸ் பதவி துறந்தார். மே 3-ஆம் நாள் பார்வர்டு பிளாக் என்னும் முற்போக்கு அணியைக் காங்கிரசினுள்ளேயே தோற்றுவித்தார். ஆகஸ்டு மாதத்திற் காங்கிரஸ் பதவிகளினின்று மூன்றாண்டு விலக்கப்பட்டார்.

தேவர் போஸின் பக்கம் நின்றார். அதே ஆண்டு செப்டம்பர் மாதத்தில் போஸ் தென்னாடு போந்து, சென்னையிற் பேசி, பின் மதுரைக்கும் வந்தார். அதுமுதல் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, கம்பம் ஆகிய பகுதிகளில் அவ்வணி வேரூன்றலாயிற்று. நம்மவர் அதன்பாற் சென்றது நூற்கொள்கையை ஆராய்ந்து அன்று. மார்க்சு என்பார் யார் என்று அறியாத உழவரும் அதிற் சேர்ந்தனர். தம் கைரேகையைத் தம்மிடமே மீட்டுத் தருவேன் என்றவர் யாரோ அவர் பின்னே சென்றனர், அவ்வளவே. கட்சிகளின் உட்பிணக்கில் ஏழை மக்கள் ஒருபக்கம் சாய்வது பெரும்பாலும் இக்காரணம் பற்றியே என்க. 1952-ஆம் ஆண்டுத் தேர்தலிற் பெரியகுளம் தொகுதியிற் பார்வர்டு பிளாக்கைச் சார்ந்த ஸ்ரீ பி. கே. மூக்கையாத் தேவர் வென்றதற்கு வித்து இவ்வாறே ஊன்றப்பட்டது.

இனி, ரேகைச் சட்டத்தை ஒழித்தவர் யார் என்னும் வினா எழும். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அப்போது ஆட்சி செய்தது ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலிருந்த காங்கிரஸ் மந்திரிசபை. ஜமீன் ஒழிப்புச் சட்டமும் 1948-இல் அவ்வரசினாலேயே இயற்றப்பட்டது. ஆகவே, எல்லாப் புகழும் எம்முடையதே என்று இடதுசாரியர் கூறுதலும் பொருந்தாது; யாமே மனமுவந்து அளித்தோம் என்று மிதவாதியர் கூறுதலும் பொருந்தாது. முற்போக்கர் பல்லாண்டு ஓயாது கேட்டனர், சிறை புகுந்தனர், நடுவழியர் இறுதியில் அதனைச் சட்டமாக்கினர். கேட்பார் இல்லையேற் கொடுப்பார் இல்லை. கையெழுத்திடுவார் இல்லையேற் கேட்டதும் பயன்படாது. எனினும், 1937-இற்கும் 1947-இற்கும் இடையே கழிந்த பத்தாண்டுகளை நம் பாட்டன்மாருக்குத் திருப்பிக் கொடுப்பார் எவருமில்லை. தாமதத்தின் கணக்கு இது.

பிணக்கு அத்துடன் நின்றதோவெனின், இல்லை. சோஷலிஸ்டுகள் 1948-இற் காங்கிரசினின்று வெளியேறினர். அவ்வாண்டிலேயே பார்வர்டு பிளாக்கும் மார்க்சியர் பிரிவு, சுபாஷியர் பிரிவு என இரண்டுபட்டது. 1955-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆவடிக் காங்கிரஸ் சமதர்ம பாணிச் சமுதாயமே தன் குறிக்கோள் எனத் தீர்மானித்தது. இனித் தனிக்கட்சி எதற்கு, காங்கிரசோடு கலப்போம் என்று ஷீல்பத்ர யாஜீ, மோகன் சிங் என்னும் தலைவர்கள் கூறினர். தேவர் முதலியோர் உடன்படாமையின் அவர் பிரிந்து சென்றனர். மிதவாதத்தை எதிர்த்துத் தோன்றிய கட்சியினுள்ளும் மிதவாதம் பிறந்தமை காண்க. ஆற்று நீர் எத்துணை வேகமாக வரினும், கால்வாயிற் பாயுங்கால் வண்டல் படிதலே போலும் இது.

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கன சில உள. முதலாவது, கட்சியினுள் எழும் கருத்து வேற்றுமை துரோகமாகாது. வேகமாக நடப்பானையும் மெல்ல நடப்பானையும் ஒருங்கு கொள்ளும் கட்சியே நெடுவழி செல்லும். இரண்டாவது, எப்பிணக்கையும் தலைவர்களின் பெயரால் அளத்தல் கூடாது. அதன் முடிவாற் கடைசி வீட்டு ஏழைக்கு நேர்ந்தது யாது என்பதால் அளத்தல் வேண்டும். மூன்றாவது, நம் குலத்தை ஒரு சட்டம் பிறப்பினாற் குற்றவாளி என்றது. அதன் கொடுமையை அறிந்த நாம், பிறிதொரு குலத்தாரைப் பிறப்பினால் இழிவாக எண்ணுவோமாயின், அச்சட்டத்தை எதிர்த்து மாண்டாரை மறந்தவராவோம். இச்செய்தி நம் இளைஞர் செவியில் அடிக்கடி விழுதல் வேண்டும் என்பது எம் துணிபு.

அன்பர்காள்! ரேகைச் சட்டத்தின் இரவுகளைக் கண்ணாற் கண்டார் அருகிவிட்டனர். பழம் பெட்டிகளில் இராத்திரிச் சீட்டோ, பதிவுத் தாளோ, சிறை சென்ற பெரியோரின் கடிதமோ கிடப்பின், அவற்றைச் செல்லுக்கு இரையாக்காமற் சங்கத்திற் சேர்ப்பீராக. வீட்டிலுள்ள மூதாட்டியரிடம் கேட்டு, அவர் கூறுவதைப் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிப்பீராக. கட்சிகளின் சரித்திரத்தை அவரவர் கட்சியார் எழுதிக்கொள்வர். காத்திருந்தோர் சரித்திரத்தை நாமன்றி எழுதுவார் யாருமிலர்.