கோடரியைப் புதைத்த கோடை

பகையை முடித்துச் சமாதானமாவதை ஆங்கிலத்தில் 'கோடரியைப் புதைப்பது' என்பார்கள். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் உண்மையாகவே கோடரியைப் புதைத்தவர்கள். இரோக்குவா மக்களின் மரபுக்கதையில், சமாதானம் கொண்டுவந்த பெரியவர் ஒரு வெண்பைன் மரத்தை வேரோடு சாய்த்து, ஐந்து இனங்களின் ஆயுதங்களையும் அந்தக் குழிக்குள் போட்டுவிட்டு மரத்தை மறுபடி நட்டார். 1680இல் அல்பனியில் மோஹாக் தலைவர்களும் ஆங்கிலேயரும் தரப்புக்கு ஒன்றாக இரண்டு கோடரிகளைப் புதைத்த செய்தியை பொஸ்ரனைச் சேர்ந்த சாமுவேல் சூவல் எழுதிவைத்தார். எந்த ஒப்பந்த வாசகத்தையும் விட இந்தச் சடங்குக்கே மோஹாக்குகள் கட்டுப்படுவார்கள் என்றும் குறித்தார்.

நான் வாழும் மொன்றியலிலும் அப்படி ஒரு கோடை வந்தது. பீவர் தோல் வணிகத்துக்காகப் பல பத்தாண்டுகள் மோதிக் களைத்த இனங்கள், 1701இல் இங்கே கூடின. ஏறத்தாழ நாற்பது இனங்களிலிருந்து சுமார் 1,300 பேர், பெரும்பாலும் வள்ளங்களில், வந்திறங்கினார்கள். நகரில் காய்ச்சல் பரவியிருந்தது.

பேச்சு கைதிகள் விடயத்தில் முட்டிக்கொண்டது. ஹூரோன் தலைவர் கொண்டியாரொங்க் தம்மிடமிருந்த இரோக்குவாக் கைதிகளை அழைத்து வந்திருந்தார். இரோக்குவாக்கள் வெறுங்கையோடு வந்திருந்தார்கள். அவர் எழுந்து போயிருக்கலாம். ஆனால் காய்ச்சலில் நிற்க முடியாமல் நாற்காலியில் அமர்ந்தபடி, சமாதானத்துக்காக நெடுநேரம் பேசினார். அன்றிரவே இறந்துபோனார். அவரோடு போரிட்ட இரோக்குவாக்களும் வந்து துக்கம் காத்தார்கள். நோத்ர டாம் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். கல்லறையின் சுவடு இன்று இல்லை.

ஓகஸ்ட் 4ஆம் திகதி பிரெஞ்சு ஆளுநர் கலியேர், எல்லோருடைய கோடரிகளையும் தன்னுடையதோடு சேர்த்து, எவரும் திரும்ப எடுக்க முடியாத ஆழக் குழியில் போடுவதாக அறிவித்தார். சிப்பிமணிப் பட்டிகைகள் கைமாறின. சமாதானச் சுங்கான் சுற்றிவந்தது. தலைவர்கள் தங்கள் குலச்சின்னமான விலங்குகளை வரைந்து ஒப்பமிட்டார்கள்.

போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழன் நான். 2002இல் கையெழுத்தான எங்கள் போர்நிறுத்த ஒப்பந்தம் ஆறு ஆண்டுகூட நிலைக்கவில்லை. அதனால்தான் மொன்றியலின் அந்த நாட்களை ஊன்றிப் படிக்கிறேன். கையொப்பத்துக்கு முன்பே அங்கே கைதிகளைப் பற்றி முகத்துக்கு முகம் பேசினார்கள். எதிரியின் பிணத்துக்கு முன்னால் தலைகுனிந்தார்கள். காணாமற்போன பிள்ளைகளின் படங்களோடு எங்கள் தாய்மார் இன்னும் தெருவில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லாத எந்தச் சமாதானமும் எனக்குச் சமாதானமில்லை.