பணியமர்த்தலில் கடன் வரலாற்றுக்குக் கட்டுப்பாடு

வேலைக்கு விண்ணப்பிப்பவரின் கடன் அறிக்கையைக் கேட்டுப் பெறுவதற்கும், அதைக் காரணம் காட்டி அவரை நிராகரிப்பதற்கும் முதலாளிகளுக்குத் தடை அல்லது வரம்பு விதிக்கும் சட்டங்கள் இத்தலைப்பில் அடங்கும். இவை பெரும்பாலும் அமெரிக்காவில் இயற்றப்பட்டவை. 2007இல் வாஷிங்டன் மாநிலம் முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2017க்குள் பத்து மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டன் டி.சி.யும், நியூயார்க், சிகாகோ, பிலடெல்பியா ஆகிய நகரங்களும் இவ்வகைச் சட்டங்களை இயற்றிவிட்டன. நாடு முழுவதற்குமான தடை இதுவரை வரவில்லை. ஒவ்வொரு சட்டத்திலும் தடை ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. எந்தெந்த வேலைக்கு அது பொருந்தாது என்ற விலக்குப் பட்டியல்தான் நீளமானது. சட்டத்தின் உண்மையான வலிமையை அந்தப் பட்டியலே தீர்மானிக்கிறது.

முதலாளி காணும் அறிக்கை

அமெரிக்கக் கடன் தகவல் துறையில் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்கள் மேலோங்கி நிற்கின்றன. வேலைவாய்ப்புக்காக இவை தரும் அறிக்கையில் கடன் மதிப்பெண் இருப்பதில்லை. கடன் கணக்குகள், நிலுவைத் தொகை, தவணை தவறிய மாதங்கள், வசூல் முகமைக்குப் போன பாக்கிகள், திவால் அறிவிப்பு ஆகியவை இருக்கும். பாதகமான தகவலைப் பொதுவாக 7 ஆண்டுகளுக்கும், திவாலை 10 ஆண்டுகளுக்கும் மேல் காட்டக்கூடாது. ஆனால் ஆண்டுச் சம்பளம் 75,000 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட வேலைகளுக்கு இந்தக் காலவரம்பு இல்லை.

வசூலுக்குப் போன பாக்கி என்றால் ஊதாரித்தனம் என்று கொள்வதற்கில்லை. நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு முகமை 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கடன் அறிக்கைகளில் வசூல் பதிவுகளாக இருந்தவற்றில் 58 விழுக்காடு மருத்துவக் கட்டணங்கள். அமெரிக்காவில் பலருக்கு மருத்துவக் காப்பீடு வேலையோடு சேர்ந்தே வருகிறது. வேலை போனால் காப்பீடும் போகிறது. அதன்பின் வரும் மருத்துவச் செலவு பாக்கியாகிறது. அந்தப் பாக்கி அடுத்த வேலைக்குத் தடையாகிறது. சட்டம் கோரியவர்கள் முதன்மையாக எடுத்துவைத்த வாதம் இதுவே. 500 டாலருக்குக் குறைவான மருத்துவப் பாக்கிகளை மூன்று நிறுவனங்களும் 2023இல் அறிக்கைகளிலிருந்து நீக்கின.

பிழைகளும் உண்டு. கூட்டாட்சி வணிக ஆணையம் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தில் ஒரு நுகர்வோரின் மூன்று அறிக்கைகளில் ஒன்றிலேனும் பிழை இருந்து, முறையிட்டபின் திருத்தப்பட்டது தெரியவந்தது.

கூட்டாட்சிச் சட்டம்

கடன் அறிக்கையை வேலைக்கு ஆள் எடுக்கப் பயன்படுத்துவது பழைய வழக்கம். 1899இல் அட்லாண்டாவில் தொடங்கிய ரீடெய்ல் கிரெடிட் கம்பெனி, பின்னாளில் ஈக்விஃபாக்ஸ் என்று பெயர் மாறியது. அது காப்பீட்டு நிறுவனங்களுக்கும் முதலாளிகளுக்கும் தனிமனிதர்களின் குடிப்பழக்கம், குடும்ப வாழ்க்கை வரை விசாரித்து எழுதிக் கொடுத்துவந்தது. இதன்மேல் எழுந்த எதிர்ப்பின் விளைவாக 1970இல் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் பிறந்தது. அறிக்கையைப் பெறத் தகுந்த காரணங்களில் ஒன்றாக வேலைவாய்ப்பையும் அது ஏற்றுக்கொண்டது.

1996இல் செய்த திருத்தம் நடைமுறையை இறுக்கியது. அறிக்கை பெறப்போவதைத் தனித் தாளில் தெரிவித்து விண்ணப்பதாரரின் எழுத்துமூல ஒப்புதலைப் பெற வேண்டும். அறிக்கையை வைத்து நிராகரிப்பதற்கு முன்பே அதன் நகலையும் உரிமைகளின் சுருக்கத்தையும் அவரிடம் தர வேண்டும். ஒப்புதல் தர மறுப்பவரை வேலைக்கு எடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எனவே கையெழுத்துப் போடுவதைத் தவிர விண்ணப்பதாரருக்கு வேறு வழியிருப்பதில்லை.

அமெரிக்க மனிதவள மேலாண்மைச் சங்கம் 2010இல் நடத்திய கணக்கெடுப்பில், 60 விழுக்காடு நிறுவனங்கள் சில பணிகளுக்கேனும் கடன் அறிக்கையைப் பார்ப்பதாகத் தெரிவித்தன. 2008 நிதி நெருக்கடியில் லட்சக்கணக்கானோர் வேலையும் வீடும் இழந்திருந்த நேரம் அது. அதே 2010இல் டிரான்ஸ்யூனியன் அதிகாரி ஒருவர், கடன் அறிக்கைக்கும் பணித்திறனுக்கும் மோசடிக்கும் தொடர்பு உண்டு எனக் காட்டும் ஆய்வு எதுவும் தங்களிடம் இல்லை என்று ஆரிகன் சட்டமன்றக் குழுவிடம் ஒப்புக்கொண்டார்.

மாநிலச் சட்டங்களும் விலக்குகளும்

வாஷிங்டனை அடுத்து 2009இல் ஹவாய், 2010இல் ஆரிகன், இல்லினாய், 2011இல் மேரிலாந்து, கனெக்டிகட், கலிபோர்னியா, 2012இல் வெர்மான்ட், 2013இல் கொலராடோ, நெவாடா ஆகியவை சட்டம் இயற்றின.

இவற்றின் விலக்குகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுகின்றன. ‘வேலையோடு கணிசமான தொடர்பு’ இருந்தால் போதும் என்று வாஷிங்டன் பொதுப்படச் சொல்கிறது. இல்லினாய், 2,500 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட ரொக்கத்தை மேற்பார்வையின்றிக் கையாளும் பணிக்கு விலக்கு அளிக்கிறது. கலிபோர்னியாவில் ரொக்க வரம்பு 10,000 டாலர். வங்கி, காப்பீடு, கடன் வசூல் நிறுவனங்களை இல்லினாய் முற்றாகவே சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டது.

விலக்கின் எல்லை எது என்பதை 2016இல் இல்லினாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில் ஆராய்ந்தது. நீமன் மார்க்கஸ் கடையில் ஆடை விற்பனையாளர் வேலைக்கு விண்ணப்பித்த பெண்ணைக் கடன் வரலாற்றைக் காட்டி நிராகரித்திருந்தார்கள். விற்பனையாளர் வாடிக்கையாளரிடம் கடையின் கடன் அட்டைக்கான விண்ணப்பத்தை வாங்குகிறார், ஆகவே அவர் அந்தரங்கத் தகவலைக் கையாள்பவர் என்பது நிறுவனத்தின் வாதம். விண்ணப்பத்தை வாங்கி மேலிடத்துக்கு அனுப்புவது மட்டுமே விலக்குக்குப் போதாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வாதத்தை ஏற்றிருந்தால் கல்லாவில் நிற்கும் எல்லோருமே சட்டப் பாதுகாப்பை இழந்திருப்பார்கள்.

நியூயார்க் நகரச் சட்டம்

2015 மே மாதம் மேயர் பில் டி பிளாசியோ கையெழுத்திட்டு, செப்டம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்த இச்சட்டம் மிகக் கடுமையானவற்றுள் ஒன்று. அறிக்கையை வாங்குவது மட்டுமல்ல, நேர்காணலில் ‘கடன் எவ்வளவு இருக்கிறது, திவால் ஆனதுண்டா’ என்று வாயால் கேட்பதும் சட்டமீறல். காவல்துறைப் பணி, சட்டப்படி பிணைப்பத்திரம் தேவைப்படும் பணி, பிறருடைய 10,000 டாலருக்குக் குறையாத நிதியின்மேல் கையெழுத்து அதிகாரம் உள்ள பணி, கணினிப் பாதுகாப்பு அமைப்பை மாற்றும் அதிகாரம் உள்ள பணி போன்றவற்றுக்கே விலக்கு. ஒரு துறை முழுவதையும் விலக்கும் பிரிவு இதில் இல்லை. நகர மனித உரிமை ஆணையம் 1,25,000 டாலர் வரையும், வேண்டுமென்றே மீறியிருந்தால் 2,50,000 டாலர் வரையும் அபராதம் விதிக்கலாம்.

பாகுபாட்டு வழக்குகள்

அமெரிக்கச் சம வேலைவாய்ப்பு ஆணையம் வேறு வழியை முயன்றது. கடன் அறிக்கையைப் பார்ப்பது கறுப்பின விண்ணப்பதாரர்களைக் கூடுதலாகப் பாதிக்கிறது, எனவே 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்துக்கு எதிரானது என்று கப்லான் கல்வி நிறுவனத்தின் மீது 2010இல் வழக்குத் தொடுத்தது. விண்ணப்பதாரரின் இனத்தை ஓட்டுநர் உரிமப் படத்தைப் பார்த்துக் கணித்த ஆணையத்தின் நிபுணர் சான்று நம்பத்தகாதது என 2014இல் ஆறாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. தன் சொந்தப் பணியிடங்கள் பலவற்றுக்கு ஆணையமே இதே சோதனையைச் செய்துவந்ததையும் சுட்டிக்காட்டியது.

விளைவுகள்

பொருளாதார ஆய்வுகள் ஒருமுகமாக இல்லை. ராபர்ட் கிளிஃபர்டும் டேனியல் ஷோக்கும் செய்த ஆய்வு, தடை வந்த மாநிலங்களில் கடன் மதிப்பெண் மிகக் குறைந்த பகுதிகளில் வேலைவாய்ப்பு 2.3 முதல் 3.3 விழுக்காடு வரை உயர்ந்ததாகக் கண்டது. அதேநேரம், கடன் அறிக்கை கைவிட்டுப்போன முதலாளிகள் கல்வித் தகுதியையும் அனுபவத்தையும் கூடுதலாகக் கேட்கத் தொடங்கினர். அலெக்சாண்டர் பார்டிக்கும் ஸ்காட் நெல்சனும் செய்த ஆய்வில் கறுப்பின மக்கள் வேலை பெறும் விகிதம் தடைக்குப்பின் குறைந்திருந்தது. தகவல் இல்லாத இடத்தைத் தப்பெண்ணம் நிரப்பிவிடக்கூடும் என்பது இதிலிருந்து எழும் கவலை.

நாடு தழுவிய தடைக்கான மசோதாவை 2009இல் ஸ்டீவ் கோஹன் பிரதிநிதிகள் சபையிலும், 2013இல் எலிசபெத் வாரன் செனட்டிலும் கொண்டுவந்தனர். 2020 ஜனவரியில் இத்தகைய தடையை உள்ளடக்கிய மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டைத் தாண்டவில்லை.

இந்தியாவில்

பணியமர்த்தலில் கடன் வரலாற்றுக்கு எல்லை வகுக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. பொதுத்துறை வங்கிகள் எதிர்த்திசையில் சென்றன. வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐபிபிஎஸ் 2023இல் வெளியிட்ட எழுத்தர் தேர்வு அறிவிப்பில், பணியில் சேரும்போது சிபில் ஸ்கோர் (கடன் மதிப்பெண்) குறைந்தது 650 இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இடம்பெற்றது. பாரத ஸ்டேட் வங்கியின் அதிகாரி பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், கடன் தவணை தவறிய பதிவுகளுக்காக ரத்து செய்யப்பட்டது. பாக்கியைப் பின்னர் அடைத்துவிட்டதாக அவர் வாதிட்டும், பொதுப்பணத்தைக் கையாள்வோருக்கு நிதி ஒழுக்கம் தேவை என்று கூறிய சென்னை உயர்நீதிமன்றம் 2025இல் வங்கியின் முடிவை உறுதிசெய்தது. இல்லினாய் சட்டமும் வங்கி வேலைக்கு விண்ணப்பிப்பவருக்குப் பாதுகாப்புத் தராது. நியூயார்க் நகரிலோ வங்கி என்பதாலேயே விலக்கு கிடைத்துவிடாது. அந்த நாற்காலியில் அமர்பவருக்கு எவ்வளவு பணத்தின்மேல் அதிகாரம் உண்டு என்பதை வங்கி முதலில் காட்டியாக வேண்டும்.