கணியம்பாடிக் கணக்கும் மஞ்சளின் பெயரும்

வேலூருக்குத் தெற்கே, திருவண்ணாமலைச் சாலையில் இருக்கிறது கணியம்பாடி. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழிலால் பேர் வாங்கிய வட்டாரத்தில், இந்த ஒன்றியத்தை உலகம் அறிந்தது மறதி நோய் ஆராய்ச்சியால். மஞ்சள் சாப்பிடுவதால்தான் இந்தியர்களுக்கு அல்சைமர் குறைவு என்ற நம்பிக்கையை உரசிப் பார்க்க இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

அந்த நம்பிக்கைக்கு வலு கொடுத்தவை 2001இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள். ஹரியானாவின் பல்லப்கரில் 65 வயதைக் கடந்தவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 4.7 பேருக்கே அல்சைமர் புதிதாக வருகிறது, பென்சில்வேனியாவின் மொனாங்கஹேலா பள்ளத்தாக்கில் அது 17.5 என்றது ஒன்று. மஞ்சளில் உள்ள குர்குமின் கலந்த தீனி தின்ற எலிகளின் மூளையில், அல்சைமரில் சேரும் அமைலாய்டு புரதப் படிவு குறைந்ததாக லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வகத்திலிருந்து வந்தது மற்றொன்று. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். குறைந்த ஆயுள், நோய் வந்தபின் சீக்கிரம் இறந்துவிடுவது ஆகியவையும் காரணமாக இருக்கலாம் என்று பல்லப்கர் ஆய்வாளர்களே எழுதியிருந்தது யார் காதிலும் விழவில்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கிராமப் பணி வேரூன்றிய இடம் கணியம்பாடி. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும் ஆராய்ச்சியில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே அவர்களுக்கு அப்போது கிடைத்தது என்பதால் ‘10/66’ என்று பெயர் வைத்துக்கொண்ட ஆய்வுக் குழு, இந்தியக் கிராமப்புறத்துக்கு வேலூரின் இந்த ஒன்றியத்தையே எடுத்துக்கொண்டது. 2008இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. அமெரிக்க மனநல மருத்துவ வரையறைப்படி இங்கே மறதி நோய் 0.3 சதவீதம், கியூபாவில் 6.3. குழு தானே உருவாக்கிய அளவுகோலை வைத்தபோது, ஆய்வு நடந்த எந்த இடமும் 5.6 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை. ஆட்கள் அதேதான், அவர்கள் சாப்பிட்ட குழம்பும் அதேதான். அமெரிக்க வரையறைக்கு, மறதியால் அன்றாட வாழ்க்கை குலைந்திருக்க வேண்டும். அதை வீட்டார் சொல்ல வேண்டும். வேலை எல்லாவற்றையும் மருமகளே பார்த்துக்கொள்ளும் வீட்டில், கிழவியின் தடுமாற்றத்தை நோய் என்று யார் சொல்வார்கள்? வீட்டார் சொல்லாததால் குறைந்த எண்ணை மஞ்சளின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

கறி உணவு அடிக்கடி உண்ணும் முதியவர்களின் அறிவுத்திறன் மேலாக இருந்ததாகச் சிங்கப்பூர் ஆய்வு 2006இல் சொன்னதே என்று கேட்கலாம். அது ஒரே சமயத்தில் எடுத்த ஒப்பீடு. எது காரணம், எது விளைவு என்று அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது. சோதனைக்குழாயில் குர்குமின் அமைலாய்டைக் கட்டுப்படுத்துவது மெய். ஆனால் அது தண்ணீரில் கரையாது. குடலும் கல்லீரலும் விரைவாக மாற்றிவிடுவதால் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். 2008இல் ஹாங்காங்கில் 34 நோயாளிகளிடமும், 2012இல் லாஸ் ஏஞ்சலிஸில் 36 பேரிடமும் நடந்த சோதனைகளில் பலன் தெரியவில்லை. நோய் முற்றியபின் கொடுத்தால் எப்படிப் பலிக்கும், வருமுன் காக்கலாமே என்பது வலுவான வாதம்தான். அதை நீண்டகாலச் சோதனையில் நிரூபிக்க வேண்டும், நிரூபிக்கும்வரை விளம்பரத்தில் எழுதக் கூடாது.

மஞ்சள் சமையலில் இருக்கட்டும். வீட்டுப் பெரியவர் பழகிய தெருவில் வழி தெரியாமல் நின்றால், வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.