பேர் மாறிப் பிழைத்த திராட்சை

நம்மூரில் 'ஒயின் ஷாப்' என்று பலகை தொங்கும். உள்ளே ஒயினைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும்! அதனாலோ என்னவோ, ஒயின் என்றாலே நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. மகாராஷ்டிராவில் இத்தனை வருடம் இருந்துவிட்டோமே, நாசிக்கில் வெள்ளை ஒயினுக்காக வளர்க்கும் திராட்சை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். சுவாரசியமான சரித்திரம் கிடைத்தது.

திராட்சையின் பெயர் ஷெனின் பிளாங். சொந்த ஊர் பிரான்ஸில் லுவார் நதிக்கரை. 16-ஆம் நூற்றாண்டிலேயே ரபெலே தன் 'கார்கான்துவா' நாவலில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். இதன் தனி குணம் புளிப்பு. பச்சை ஆப்பிளைக் கடித்தது போல முதலில் சுள்ளென்று இருக்கும். பின்னால் லேசாகத் தேன் வாசம் வரும். அந்தப் புளிப்பு இருப்பதால் பழத்தில் எவ்வளவு இனிப்பு ஏறினாலும் திகட்டாது. அதனால்தான் சாவென்னியேர் என்ற ஊரில் இனிப்பே இல்லாத ஒயினும், கொஞ்சம் தள்ளி கார் த ஷோமில் தேன் மாதிரி ஒயினும், இரண்டையும் இதே திராட்சையில் செய்கிறார்கள். லுவார்க்காரர்கள் இதை வெண்ணெய் சாஸ் ஊற்றிய ஆற்று மீனோடும், ஆட்டுப்பால் சீஸோடும் குடிப்பார்கள். கொழுப்பைப் புளிப்பு வெட்டிவிடும். வறுத்த மீனுக்கு நாம் எலுமிச்சை பிழிகிற அதே கணக்குதான்.

அடுத்த ஊர் தென்னாப்பிரிக்கா. ஆசியாவுக்குப் போகும் கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் ஏற்ற, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652-ல் கேப் முனையில் ஒரு குடியிருப்பு அமைத்தது. அதன் தலைவர் யான் வான் ரீபெக் 1655-ல் திராட்சைக் கொடி நட்டார். 1659 பிப்ரவரி 2 அன்று முதல் ஒயின் பிழிந்ததாக நாட்குறிப்பில் எழுதி வைத்தார். முதலில் வந்த கொடிகளில் ஷெனினும் இருந்திருக்கும் என்பது பொதுவான நம்பிக்கை.

வந்த இடத்தில் இதன் பேரே மாறிவிட்டது. 'ஸ்டீன்' என்றார்கள். நிறையக் காய்க்கும், வெயில் தாங்கும், வெயிலிலும் புளிப்பு குறையாது. விவசாயிக்கு வேறென்ன வேண்டும்? பிராந்தி காய்ச்சவும் மலிவு ஒயின் செய்யவும் வண்டி வண்டியாகப் போனது. 1959-ல் ஸ்டீனைச் சேர்த்துச் செய்த லீபர்ஸ்டீன் என்ற இனிப்பு ஒயின் வந்தது. முதல் வருடம் விற்றது சுமார் 30,000 லிட்டர். 1964-ல் 3 கோடி லிட்டரைத் தாண்டியது. ஐந்து வருடத்தில் ஆயிரம் மடங்கு!

1965-ல்தான் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தின் ஓர்ஃபர், இலைகளை ஒப்பிட்டுப் பார்த்து, ஸ்டீனும் ஷெனின் பிளாங்கும் ஒன்றே என்று காட்டினார். இன்று பிரான்ஸை விட தென்னாப்பிரிக்காவில்தான் ஷெனின் அதிகம்.

இங்கே ஒரு சிக்கல். கொடியில் காய்ப்பு கூடினால் சுவை நீர்த்துப் போகும். வயதான கொடி குறைவாகத்தான் காய்க்கும், ஆனால் சாறு அடர்த்தி. வரவு செலவு மட்டும் பார்த்தால் கிழக்கொடியைப் பிடுங்கத்தான் தோன்றும். நிறையப் பேர் பிடுங்கினார்கள். மிஞ்சியதைக் காப்பாற்ற ரோசா க்ரூகர் என்ற பெண்மணி தேடித் தேடிக் கணக்கெடுத்தார். 2016-ல் அதற்காக ஓர் அமைப்பே உருவானது. 35 வயது தாண்டிய தோட்டங்களுக்குச் சான்றிதழ் தருகிறார்கள். அந்த ஒயினுக்கு நல்ல விலையும் கிடைக்கிறது.

நாசிக்குக்கு ஷெனின் வந்தது 1997-ல். சுலா நிறுவனத்தின் ராஜீவ் சாமந்த் நட்டார். 2000-ல் முதல் பாட்டில்கள் வெளிவந்தன. 2001-ல் மாநில அரசு ஒயின் கொள்கை அறிவித்துச் சலுகைகள் தந்தது. லுவாரில் கொடி பனிக்காலம் முழுக்கத் தூங்கும். நாசிக்கில் தூக்கமே இல்லை. ஏப்ரலில் ஒரு கவாத்து, மழை முடிந்ததும் இன்னொன்று, அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை. ருசியும் மாறி, கொய்யா, அன்னாசி வாசம் தூக்கலாக இருக்கும். பெரும்பாலும் லேசான இனிப்போடு செய்வார்கள். அந்த இனிப்பு மிளகாய்க் காரத்தைத் தணிக்கும் என்பதால் நம் சாப்பாட்டோடு ஒத்துப்போகிறது.

1997-ல் நட்ட கொடி ஏதாவது மிஞ்சினால் அதற்கு 35 வயது ஆவது 2032-ல். விளைச்சல் குறைந்த கொடியை அதுவரை யார் விட்டு வைப்பார்கள்? வங்கிக்காரன் கணக்குப்படி பிடுங்குவதே லாபம். கேப்பில் அதே கணக்கைப் போட்டவர்கள்தான் இன்று பழைய கொடியைத் தேடி அலைகிறார்கள்.