கீழூரில் ஒரு பாடம்

வரலாறு படித்த நம்மில் பலருக்கும் 'வெளியுறவுக் கொள்கை' என்றாலே ஒரு சலிப்பு. பஞ்சசீலம், பாண்டுங், அணிசேரா இயக்கம் என்று ஆண்டுகளை உருப்போட்டோம், பரீட்சை எழுதினோம், மறந்தோம். "அதெல்லாம் டெல்லிக்காரங்க சமாச்சாரம்பா" என்று சொல்வதும் உண்டு. ஆனால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் படித்தவர்கள் அப்படிச் சொல்லலாமா?

விழுப்புரத்தில் புதுவை பஸ் ஏறிப் பாருங்கள். வளவனூர் தமிழ்நாடு. மதகடிப்பட்டு புதுச்சேரி. கண்டமங்கலம் மறுபடியும் தமிழ்நாடு. வில்லியனூர் புதுச்சேரி. ஒரே சாலையில் இத்தனை எல்லைகள்! 1954 வரை இவை இரண்டு நாடுகளின் எல்லைகள். இந்தப் பக்கம் தென்னாற்காடு, அந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி.

வந்தவாசி முதல் பாரிஸ் வரை

திண்டிவனத்திற்கு அருகிலுள்ள வந்தவாசியில் 1760 ஜனவரி 22 அன்று ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தார். அடுத்த ஆண்டு புதுச்சேரியும் செஞ்சியும் வீழ்ந்தன. ஆனால் 1763 பாரிஸ் உடன்படிக்கையில் புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர்களுக்கே போயிற்று. போர்க்களத்தில் இழந்ததை மேஜையில் பெற்றார்கள்! ராஜதந்திரத்தின் முதல் பாடம் இதுதான்.

178 பேர்

இரண்டாவது பாடம் கீழூரில். 1948இல் இந்தியாவும் பிரான்சும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: மக்களின் விருப்பமே முடிவு செய்யட்டும். சந்திரநாகூர் 1949இல் வாக்களித்து இந்தியாவுடன் சேர்ந்தது. புதுவையில் இழுபறி நீடித்தது. 1954 மார்ச்சில் நெட்டப்பாக்கம் விடுதலைக் கொடி ஏற்றியது. அதே மே மாதம் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரான்ஸ் தோற்றது. அங்கே விழுந்த அடி இங்கேயும் பேச்சுவார்த்தையை விரைவுபடுத்தியது எனலாம்.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் கூடினர். இணைப்பை ஆதரித்தவர்கள் 170, எதிர்த்தவர்கள் 8. நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. புதுவையில் இந்தியத் தூதராக இருந்து இதில் பங்கு வகித்த கேவல் சிங், பின்னாளில் நாட்டின் வெளியுறவுச் செயலர் ஆனார்.

வகுப்பில் விவாதிக்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது. 178 பேரின் வாக்கை மக்கள் வாக்கெடுப்பு என்று சொல்லலாமா? நேரடி வாக்கு இல்லையே என்பது ஒரு கட்சி. மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள்தானே, ரத்தம் சிந்தாமல் காரியம் முடிந்ததே என்பது மறு கட்சி. போர்ச்சுகல் பேச மறுத்த கோவாவுக்கு 1961 டிசம்பரில் ராணுவம் போக வேண்டியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

கையெழுத்தும் குடும்பமும்

1956 மே 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் அல்ஜீரியப் போர் முடியும் வரை பிரான்ஸ் ஒப்புதல் தரவில்லை. 1962 ஆகஸ்ட் 16இல்தான் சட்டப்படி இணைப்பு முழுமை பெற்றது. அதன்பின் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்று எழுதிக் கொடுக்கலாம் என்றும் விதி இருந்தது. ஒரே தெருவில் ஒரு வீடு பிரான்ஸ், அடுத்த வீடு இந்தியா என்று ஆனது அப்படித்தான். எங்கோ போட்ட கையெழுத்து எத்தனை குடும்பங்களின் தலைவிதியைத் தீர்மானித்தது, பாருங்கள்!

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். கீழூரில் நினைவு மண்டபம் இருக்கிறது. ஒரு நாள் போய் வாருங்கள். எல்லையோரக் கிராமங்களில் இன்னும் இருக்கும் முதியவர்களிடம் அந்தக் காலத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். ஒப்பந்தம் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கும். அவர்கள் நினைவுக்கு நம்மை விட்டால் வேறு காப்பகம் கிடையாது.