கையொப்பம் வரை நீண்ட வாக்கியம்

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கண்ணியமானவர்கள் எழுதிய கடிதத்தின் கடைசி வாக்கியம், முற்றுப்புள்ளியோடு ஓய்ந்து கையொப்பத்தைத் தனியே விட்டுவிடுவது அபூர்வம். 'தங்கள் தயவை எதிர்நோக்கி' என்றோ 'தங்கள் க்ஷேமத்தைப் பிரார்த்தித்து' என்றோ எச்சமாகத் திரும்பி, 'தங்கள் தாழ்மையுள்ள ஊழியனாக இருக்கிறேன்' என்று எழுதியவர் பெயரையும் தன்னுள் சேர்த்துக்கொண்ட பிறகே அது முடிந்தது.

இந்த வித்தையைக் கற்பிக்க நூல்களும் இருந்தன. ஏஞ்சல் டே என்பவரின் கடித நூல் 1586-லேயே வெளிவந்தது. அச்சுக்கூடம் நடத்திய சாமுவேல் ரிச்சர்ட்ஸன், எழுதிப் பழகாதோருக்கு மாதிரிக் கடிதங்கள் தொகுக்கப் புகுந்து, பணிப்பெண் ஒருத்தியைப் பற்றிய கடிதங்களில் மனம் சிக்கி, அதையே 'பமேலா' என்ற நாவலாக 1740-ல் வெளியிட்டுவிட்டு, மாதிரிகளை 1741-ல்தான் கொண்டுவந்தார். நாவலுக்கு இப்படியும் ஒரு ஜனனம்!

ஆனால் வாக்கியத்தைக் கையொப்பத்தோடு இணைக்கும் இவ்வித்தையின் பரிபூரண சாமர்த்தியம், 1755 பிப்ரவரி 7-ஆம் தேதி செஸ்டர்ஃபீல்டு பிரபுவுக்கு டாக்டர் ஜான்சன் வரைந்த கடிதத்தில் இருக்கிறது. 1747-ல் தம் அகராதித் திட்டத்தை அப்பிரபுவுக்கே சமர்ப்பித்து, அவர் வாசலில் காத்திருந்து அலட்சியமே கண்ட ஜான்சன், நூல் முடியும் தறுவாயில் பிரபு பத்திரிகையில் அதைப் புகழ்ந்தெழுதியபோது, வசைமொழி எதையும் நாடவில்லை. நம்பிக்கையென்னும் கனவிலிருந்து தாம் விழித்து வெகுகாலமாயிற்று என்று கூறி, அக்கனவில் ஒருகாலத்தில் பெருமிதத்தோடு தம்மை இன்னார் என்று சொல்லிக்கொண்டதாக வாக்கியத்தை நீட்டி, அந்த 'இன்னார்' வரவேண்டிய இடத்தில், தங்கள் மிகத் தாழ்மையும் கீழ்ப்படிதலும் உள்ள ஊழியன் என்ற சம்பிரதாய முடிவையே பொருத்தினார். இலக்கணம் பிசகவில்லை, மரியாதையும் குறையவில்லை. அந்த ஊழியம் மட்டும் பழங்கதையாகிவிட்டது. பிரபுவோ கடிதத்தை மேஜைமேல் வைத்து, வந்தவர்க்கெல்லாம் காட்டி, கடுமையான பகுதிகளின் நடையைச் சிலாகித்தாராம். அதுவும் ஒரு பிரபுத்தனந்தான்.

பின்னர் காரியாலயங்களில் இந்த முடிப்பு வெறும் வழக்கமாகத் தேய்ந்து, சென்னைக்கும் வந்து சேர்ந்தது. போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவில் வருஷத்துக்கு 20 பவுன் சம்பளம் பெற்ற குமாஸ்தா ஸ்ரீனிவாச ராமானுஜன், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தை முடிக்கையில், சிரமம் கொடுப்பதற்கு மன்னிப்பு வேண்டும் எச்சத்தோடு தொடங்கி, அந்தப் பழைய 'இருக்கிறேன்' வழியாகவே கையொப்பத்துக்கு வருகிறார். உடன் வைத்த தாள்களில் இத்தகைய உபசாரம் எதுவும் இல்லை. தேற்றங்கள், பெரும்பாலும் நிரூபணம்கூட இன்றி, ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன.