ஒற்றைப் பற்றறியில் ஓடின அன்னம்

ஜப்பானிலிருந்து பழைய கையடக்க வீடியோ கேம் ஒன்றை எடுப்பிக்க நினைக்கிற கனபேர் தேடுவது கேம் போயைத்தான். ஆனால் அது உலகம் முழுக்க விற்ற சாமான். தேடினால் எங்கேயும் கிடைக்கும். வொண்டர்ஸ்வான் அப்படியில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதைச் செய்த கொம்பனி அதை விற்கவே இல்லை. அசல் வேணுமெண்டால் ஜப்பானின் பழைய சாமான் சந்தைக்குத்தான் போகவேணும். இத்தனைக்கும் இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே ஆள்.

குன்பெய் யோகோய் 1965இல் நின்டெண்டோவில் சேர்ந்தபோது அது சீட்டுக்கட்டும் விளையாட்டுச் சாமான்களும் செய்த கொம்பனி. இயந்திரங்களைப் பராமரிப்பதுதான் அவருடைய வேலை. 1980இல், கல்குலேட்டர்களால் விலை குறைந்திருந்த எல்.சி.டி. திரையை எடுத்து 'கேம் அண்ட் வொட்ச்' செய்தார். பழசாகி, விலை விழுந்து, குணம் நல்லாத் தெரிந்துவிட்ட தொழில்நுட்பத்தைப் புது வேலைக்குப் பாவிக்கிறதுதான் அவருடைய வழி.

1989இல் வந்த கேம் போயும் அப்படித்தான். 12,500 யென், நிறமில்லாத திரை, நாலு பற்றறி. போட்டிக்கு வந்த அட்டாரி லிங்க்ஸ், சேகா கேம் கியர் இரண்டிலும் நிறம் இருந்தது. ஆனால் ஆறு பற்றறியைச் சில மணித்தியாலத்தில் குடித்து முடித்துவிடும். வென்றது நிறமில்லாததுதான்.

1995இல் அவர் செய்த வெர்ச்சுவல் போய் படுதோல்வி. அடுத்த வருசம் நின்டெண்டோவை விட்டு விலகி, கோட்டோ எண்ட சின்ன நிறுவனத்தைத் தொடங்கி, பண்டாய் கொம்பனிக்காகப் புதுக் கருவியொன்றில் வேலை செய்தார். அது கடைக்கு வருவதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1997 ஒக்டோபர் 4 வீதி விபத்தில் இறந்துபோனார்.

வொண்டர்ஸ்வான் வந்தது 1999 மார்ச் 4. விலை 4,800 யென். ஒரேயொரு பற்றறி போட்டால் முப்பது மணித்தியாலம் வரை ஓடும். படுக்கையாகவும் நிமிர்த்தியும் பிடித்து விளையாடலாம். அதில் வந்த புதிர் விளையாட்டு ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்து 'குன்பெய்' எண்டார்கள்.

இந்த முறை மலிவு காப்பாற்றவில்லை. கேம் போய் கலர் முதல் வருசமே வந்துவிட்டது, போக்கெமொனும் அந்தப் பக்கம்தான். 2000 டிசம்பரில் ஃபைனல் ஃபேன்டசியோடு நிறத்திரை வொண்டர்ஸ்வான் வந்தது. மூன்றே மாதத்தில் கேம் போய் அட்வான்ஸ் இறங்கியது. 2003இல் பண்டாய் கையை விரித்துவிட்டது. தன் பழைய கேம் போயின் வாரிசுகளிடமே யோகோயின் கடைசிக் கருவி தோற்றது.

அதனால்தான் இண்டைக்கு இதை எடுப்பிக்கிறவர்கள் 'அசல்' எண்ட சொல்லில் இவ்வளவு கவனமாக இருக்கிறார்கள். பழைய திரையின் மேற்படலம் காலப்போக்கில் கெட்டுக் கறைபடும், வினாகிரி மணமும் வரும். கனபேர் அதைக் கழற்றி வெளிச்சமான புதுத் திரை போட்டு விற்கிறார்கள். கண்ணுக்குச் சுகம்தான். ஆனால் வெளிச்சமே இல்லாத மலிவான திரையும் அதனால் மிச்சமான பற்றறியும்தானே யோகோயின் யோசனை? திரையை மாற்றினால் மிஞ்சுவது கோதுதான்.

இன்னொன்றும் உண்டு. ஸ்டார்ட் பொத்தானை அமத்திப் பிடித்தபடி வொண்டர்ஸ்வானைப் போட்டால், சொந்தக்காரரின் பெயர், பிறந்த நாள், இரத்தவகை பதிகிற பக்கம் திறக்கும். பற்றறியைக் கழற்றினாலும் அது அழியாது. இருபத்தைந்து வருசத்துக்கு முந்தி ஒரு ஜப்பானியப் பிள்ளை பதிந்த பெயர் இன்னமும் அதிலே இருக்கலாம். வாங்கின கையோடு கனபேர் அதை அழித்துத் தங்கள் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அதை அப்படியே விட்டுவிடுங்கோ. தோற்றுப்போன ஒரு கருவியை ஆரோ ஆசையாக வைத்திருந்ததற்கு அந்தப் பெயரைவிட வேறு சாட்சி இல்லை.